அக்காவின் கைராசி

ஜியோசயன்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் பாறசாலையில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "அது என்னதாக்கும் மக்கா?" என்பார்கள். "பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்குத படிப்பு" என்பேன். "அதத்தான் நம்ம கிணறு வெட்டுதவனுவ பாக்குதானுவளே, அதுக்கு நாலு வருஷமா?" என்று சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "இத வச்சு சர்க்கார் வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதலாமா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அப்பாவுக்கு நான் நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. நான்தான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, அழுது, அடம்பிடித்து இந்தப் படிப்பில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து ஒரே நினைப்புதான். ஒரு தடவையாவது இந்தப் படிப்பை வைத்து இவர்கள் வாயை அடைக்க வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஒரு தடவைக்காகக் காத்திருந்தேன். அது வந்தபோது நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வெள்ளறடைக்கு அந்தப் பக்கம், அம்பூரி போகிற வழியில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து அக்காவும் அத்தானும் புதிதாக வீடு கட்ட ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் நிலம் ஒதுக்கினார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் கிணறு, பிறகுதான் வீடு. வெள்ளம் கண்ட பிறகுதான் அஸ்திவாரத்துக்குக் கல் இறக்குவார்கள். வெள்ளம் என்றால் வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம், குடிக்கிற தண்ணீருக்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அத்தான் வீட்டில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைத்து, தேங்காய் உடைத்து, அந்த வீட்டில் வாழப்போகிற பெண்தான் மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டு வெட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் கிணறு வெட்டுகிறவர்கள் கை வைப்பார்கள். அவள் கைக்கு வெள்ளம் வந்தால் அவள் அந்தக் குடும்பத்துக்கு வந்தது நல்லதுக்கு என்று அர்த்தம். வராவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுவரை அப்படி ஒரு தேவையும் வரவில்லை.

கிணற்றுக்கு இடம் பார்க்கிற ஒருவர் வந்து, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்தபடி நிலம் முழுக்க நடந்திருக்கிறார். கீழ்மூலையில் பலாமரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றதாம். அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனார். அத்தானின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களை நானும் அக்காவைப் போல மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமிக்குக் கிணறு வடகிழக்கு மூலையில் வேண்டும். குச்சியோ தென்கிழக்கில் இருந்தது. இந்த இழுபறியில்தான் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஏட்டி, உனக்க காலேஜுல வெள்ளம் பாக்குத மெஷின் உண்டுன்னு சொன்னியே, அத எடுத்துட்டு வாறியா?"

வராமல் இருப்பேனா? மினி புராஜெக்ட் என்று எழுதிக் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கினேன். பெட்டி, வயர்ச் சுருள், சுத்தியல், நாலு இரும்புக் கம்பி. எல்லாவற்றையும் ஆனவண்டியில், அதாவது கேரள அரசு பஸ்ஸில், ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் பெட்டியை உற்றுப் பார்த்து, "இது எந்தா மோளே, வெடிகுண்டோ?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "வெள்ளம் கண்டுபிடிக்கிற கருவி" என்றேன். அந்தத் திமிர் இருக்கிறதே, அது வெள்ளறடை வரைக்கும் இறங்கவில்லை.

அந்தக் கருவி வேலை செய்வது இப்படித்தான். நாலு கம்பியையும் ஒரே வரிசையில் மண்ணில் அடித்து, வெளியே இருக்கிற இரண்டில் கரண்ட் விட்டு, உள்ளே இருக்கிற இரண்டில் அளவு பார்ப்போம். கம்பிகளை விலக்கி விலக்கி அடிக்க, இன்னும் ஆழத்தில் இருக்கிற சேதி கிடைக்கும். கரண்ட் சுலபமாக ஓடினால் அளவு இறங்கும், கீழே வெள்ளம் இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். களிமண் இருந்தாலும் ஓடும். பென்சிலுக்குள் வைக்கிற கரி இருக்கிறதே, கிராஃபைட், அது பாறையில் கலந்திருந்தாலும் ஓடும், வெள்ளத்தைவிட ஜோராக ஓடும். இதை இரண்டாம் வருஷமே பரீட்சையில் எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் மலைப்பக்கத்தில் அந்தக் கரி உண்டு என்பதும் பாடத்திலேயே இருந்தது. மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் சுற்றி நடந்து பாறையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முதல் விதி.

நான் நடக்கவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் கூடி நிற்க, நேராகக் கம்பியை அடிக்கத் தொடங்கிவிட்டேன். அத்தான் வயரை இழுத்துக்கொண்டு, "எஞ்சினீயரம்மே, கரண்டு பில்லு ஆரு கெட்டும்?" என்று கிண்டலடித்தபடி கூடவே ஓடினார். கீழ்மூலையில் அளவு சாதாரணமாக இருந்தது. வடகிழக்கு மூலையில் கம்பியை விலக்கி அடிக்க அடிக்க, அளவு சரசரவென்று இறங்கியது. நான் கத்தியே விட்டேன். "இங்க உண்டு மாமி! நல்லா உண்டு!"

மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் ஆசைப்பட்ட மூலையையே மெஷினும் சொல்லிவிட்டது. "படிச்ச பிள்ளைன்னா இப்பிடியாக்கும் இருக்கணும்" என்று என் தலையில் கை வைத்தார்கள். அக்கா வேலிக்கு அப்பால் நின்ற பெண்ணிடம், "எனக்க தங்கச்சியாக்கும்" என்று இரண்டு தடவை சொன்னாள். மரச்சீனிக்கிழங்கும் மீனும் அத்தனை ருசியாக நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்தேன். ரோட்டை அகலமாக்குவதற்காக மலையை வெட்டி விட்டிருந்தார்கள். அக்காவின் நிலம் முடிகிற இடத்திலிருந்து பத்து எட்டு தூரம்தான் இருக்கும். கம்பிக்கட்டு நழுவியது. அதைச் சரிசெய்ய வெட்டின மண்சுவரில் கையை ஊன்றினேன். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. விரலால் தேய்த்தால் வழவழவென்று மினுங்கியது.

அப்போது எனக்குத் தெரியவில்லை, பிறகுதான் யோசித்தேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மண்சுவரில் ஓடிய அந்தக் கறுப்புப் பட்டை சரிந்து நேராக வடகிழக்கு மூலைக்கு அடியில்தான் இறங்கியது. நான் பார்த்தது வெள்ளமல்ல, பென்சில் கரி. திரும்பி பத்து எட்டு நடந்து, "மாமி, கொஞ்சம் பொறுங்க, இன்னொரு தடவை பாக்கணும்" என்று சொன்னால் முடிந்தது. அதற்குள் பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே பாறசாலை வந்து சேர்ந்தேன்.

மறுநாள் போன் செய்தேன். சொல்வதற்குத்தான் செய்தேன். அக்கா என்னைப் பேசவே விடவில்லை.

"மாமி நாளு குறிச்சாச்சு. இங்க எல்லாருக்கும் உனக்க பேச்சுதான். பக்கத்து வீட்டுக்காரி அவளுக்க மகளையும் உனக்க படிப்புக்கே சேக்கப் போறாளாம்."

"அக்கா..."

"என்னட்டி?"

"ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நான் வாறேன்."

கல்லூரியில் புராஜெக்ட்டைக் காட்டியபோது எங்கள் ஆசிரியர் நான் எடுத்த அளவுகளின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தப் பக்கம் கிராஃபைட் உண்டே, சுற்றிப் பார்த்தாயா?" "பார்த்தேன் சார், அங்கே இல்லை" என்றேன். கூசாமல் சொன்னேன். நல்ல மார்க் போட்டார்.

முதல் வெட்டு அன்று அக்கா நேரியது உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். ஒரு வெட்டுதான் கணக்கு. அவளோ சந்தோஷத்தில் மூன்று நாலு வெட்டு வெட்டிவிட்டாள். "போதும் பிள்ளே, மிச்சத்த அவனுவ வெட்டட்டு" என்று மாமி சிரித்தார்கள். நான் மண்வெட்டியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை கரிக்குக் கீழே வெள்ளமும் இருக்கலாம், யார் கண்டது என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சிவந்த மண் வந்தது, வெட்டுக்கல் வந்தது, வெளுத்த சேறு வந்தது. அதற்குக் கீழே கறுப்புப் பாறை. வெட்டுகிறவர்கள் கையும் காலும் கறுத்து மேலே ஏறி வந்தார்கள். மறுபடியும் இறங்கி இன்னும் சில அடி உடைத்தார்கள். ஒரு சொட்டு வெள்ளம் இல்லை. அத்தான் என்னை வரச் சொன்னார். போனேன். கிணற்றின் வாயில் எல்லோரும் நின்றார்கள்.

அத்தான் கோபப்படவே இல்லை. நேராகக் கேட்டார்.

"மெஷினு பிழைச்சுதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மெஷின் மேல் பழியைப் போட்டிருந்தாலும் போதும், அதற்கு வலிக்காது. என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"இல்ல அத்தான். மெஷின் பொய் சொல்லாது. நான் பாத்தது சரியாக்கும்."

"பின்ன வெள்ளம் எங்க?"

"அது எனக்குச் சொல்ல தெரியல்ல."

 மாமிதான் அக்காவின் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சில பேருக்க கைக்கு வெள்ளம் வராது, மக்கா. அதுக்கு நீ என்ன செய்வ? வெசனப்படாத" என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். அந்த மனுஷிக்குக் குத்திப் பேசவே தெரியாது. அதனால்தான் அக்கா அதை அப்படியே நம்பிவிட்டாள்.

பிறகு பலாமரத்துக்குப் பக்கத்தில் குச்சி நட்ட இடத்தில் வெட்டினார்கள். அக்கா மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்றாள். மாமி வெட்டினார்கள். வெட்டுக்கல் தாண்டுவதற்குள் ஊற்று அடித்தது. தேங்காய் சொன்னதுதான் சரி என்றார்கள் சிலர். மெஷினும் சரி என்று நான்தான் ஏற்கெனவே சாதித்துவிட்டேனே. இரண்டும் சரியென்றால் மிச்சம் இருந்தது அக்காவின் கை மட்டும்தான். புதுக் கிணற்று வெள்ளத்தை எல்லோருக்கும் டம்ளரில் கொடுத்தார்கள். அக்காவும் குடித்தாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

வீடு கட்டினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அக்காவுக்கு ஒரு குறையும் கிடையாது. மரச்சீனி நடும்போது மட்டும் முதல் கம்பை வேறு யாரையாவது விட்டு நடச் சொல்வாள். கோவில் பொங்காலைக்குப் போனால் பக்கத்து அடுப்பு பற்றின பிறகுதான் தன் அடுப்பில் தீ வைப்பாள். எந்த வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனாலும் பின்கட்டில் பாத்திரத்தோடு நின்றுகொள்வாள். "எனக்க கை வேண்டாம்" என்பாள். வருத்தமாகக்கூடச் சொல்ல மாட்டாள், செருப்பு அளவு சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள்.

எனக்கு மகள் பிறந்தபோது நான் அக்காவைத்தான் சேனை வைக்கச் சொன்னேன். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அக்கா குழந்தையைப் பார்த்துக் கண் கலங்கினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் பிள்ளே, அது நல்லா இருக்கட்டு" என்றாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படுக்கையைச் சுற்றி என் மாமியார் வீட்டு ஆட்கள் நின்றார்கள். என் வீட்டுக்காரருக்கு நான் பெரிய படிப்புக்காரி. சொல்லவில்லை. இனி சொல்லி என்ன, அவளுக்குப் பழகிவிட்டது என்று சமாதானம் வேறு செய்துகொண்டேன். பழகியது எனக்குத்தான்.

இப்போது நான் நெய்யாற்றின்கரையில் மண்ணும் பாறையும் சோதித்துக் கொடுக்கிற ஓரிடத்தில் வேலை செய்கிறேன். என் கீழே வேலை செய்கிற பிள்ளைகளை, சுற்றி நடந்து பாறையைப் பார்க்காமல் கம்பியை அடித்தால் கண்டபடி ஏசுவேன். அவர்கள் என்னைக் கண்டிப்பானவள் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

மாமி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார்கள். அக்காதான் எல்லாம். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, முதுகு புண்ணாகாமல் திருப்பிப் படுக்க வைப்பது. மாமி அவளைத் தவிர யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் அத்தான் எல்லோரையும் வரச் சொன்னார். நான் போனபோது பத்துப் பதினொரு மணி இருக்கும். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. துளசி போட்ட வெள்ளத்தைக் கரண்டியில் எடுத்து ஒவ்வொருவராக வாயில் விட்டார்கள். அத்தான் விட்டார், அத்தானின் தங்கை விட்டாள், பேரப்பிள்ளைகள் விட்டார்கள். கடைசியாகக் கரண்டி அக்காவின் கைக்கு வந்தது.

அக்கா குனிந்தாள். மாமி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்கள், வாயும் திறந்தது. அக்கா திடீரென்று நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற என் கையில் கரண்டியைத் திணித்தாள். "நீ குடு. போற வழியில அவியளுக்குத் தடங்கல் வரண்டாம்."

நான் வாங்கிக்கொண்டேன். குனிந்து மாமியின் வாயில் விட்டேன். பாதி உள்ளே போனது, பாதி கன்னத்தில் வழிந்தது. மாமி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பதினாறாம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அக்காவும் நானும் பின்வாசலில் உருளி கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தேய்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டு வருஷம் இந்தக் கையால கஞ்சி குடுத்தேன். கடைசி வெள்ளம் குடுக்க மட்டும் எனக்கு விதி இல்லாமப் போச்சு, பாத்தியா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ரோட்டோரத்து மண்சுவர், கையில் ஒட்டின கரி, போனில் விழுங்கின பேச்சு, ஆசிரியரிடம் சொன்ன பொய், கிணற்று வாயில் நின்று மெஷின் பொய் சொல்லாது என்றது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அக்கா குழாயை அடைத்தாள்.

"அப்பம் எனக்க கைக்கு ஒரு தோஷமும் இல்லியா?"

"இல்லக்கா. யாரு வெட்டியிருந்தாலும் அங்க வெள்ளம் வராது."

"அது உனக்கு எப்பம் தெரியும்?"

"வெட்டுததுக்கு முன்னயே."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையை உடுத்திருந்த முண்டில் துடைத்தாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"உனக்க பிள்ளைக்குச் சேனை வைக்கமாட்டேன்னு சொன்னப்பமும் தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்குக் கரண்டிய உனக்க கையில தந்தப்பமும் தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதானா நீ வாங்கின?"

நான் அழுதேன். "மன்னிச்சிரு" என்றேன். வேறு என்ன சொல்ல? அக்கா அழவில்லை, ஏசவும் இல்லை. மாமி படுத்திருந்த அறைப்பக்கம் திரும்பினாள்.

"நான் குடுப்பேன்னாக்கும், ஏட்டி, அவிய வாயத் தெறந்துட்டு கெடந்தாவ" என்றாள்.